தொடருமா, முற்றுமா?

2025 பிப்ரவரியில் ஸ்டீம் கடையில், நெடுநாளாக அசைவில்லாமல் கிடக்கும் சில கேம்களின் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு முளைத்தது. இதைச் செய்கிறவர்கள் கடைசியாக அப்டேட் கொடுத்து இத்தனை மாதங்கள் ஆகிவிட்டன, அவர்கள் இங்கே எழுதியிருக்கும் திட்டமும் காலக்கெடுவும் இனிப் பொருந்தாமல் போகலாம் என்பது அதன் சாரம். கடைக்காரரே தன் அலமாரிச் சரக்கின் மேல் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டு அது. “இந்த கேம் உயிரோடு இருக்கிறதா, கைவிட்டுவிட்டார்களா?” என்று உலகெங்கும் ஆட்டக்காரர்கள் பல வருடங்களாகக் கேட்டுவந்த கேள்விக்கு அப்படியாவது ஓர் அரைப் பதில் கிடைத்தது.

கேம் ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஸ்டீம் என்பது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் கம்ப்யூட்டர் கேம் கடை. 2013 மார்ச் 20 அன்று அங்கே ‘ஏர்லி ஆக்சஸ்’ என்ற புதுப் பிரிவு 12 கேம்களோடு திறந்தது. கேம் முடிவதற்கு முன்பே அதை விற்கலாம். வாங்கியவர்கள் ஆடிப் பார்த்துக் குறை நிறை சொல்வார்கள். செய்கிறவர்கள் திருத்தித் திருத்தி வளர்ப்பார்கள். ஒரு நாள் ‘1.0’ என்ற எண்ணோடு முழு கேம் வெளிவரும். ஸ்டீம் இதைத் தொடங்குவதற்கு முன்பே மைன்கிராஃப்ட் இந்த வழியில் வெற்றி கண்டிருந்தது. 2009இல் அரைகுறையாக விற்பனைக்கு வந்து, ஆடுகிறவர்களின் கண்ணெதிரே வளர்ந்து, 2011 நவம்பரில் முழுமை பெற்றது.

நம் வார இதழ்த் தொடர்கதைக்கும் இதற்கும் உறவு உண்டு. அத்தியாயத்தின் அடியில் ‘தொடரும்’ என்று இருக்கும்வரை வாசகர் காத்திருப்பார். 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். கதை ஏன் நின்றது என்று அந்த வாசகர்களுக்குத் தெரியும், யார் கையில் தொடர்கிறது என்பதும் தெரியும். ஏர்லி ஆக்சஸ் கேமை வாங்கியவருக்குப் பல நேரங்களில் இரண்டுமே தெரிவதில்லை. கடைப் பக்கத்தில் ‘தொடரும்’ மட்டும் நிற்கிறது. அடுத்த அத்தியாயத்தைக் காணோம்.

என் கணக்கிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. ஆற்றோரம் ஒரு மீனவக் கிராமத்தைக் கட்டியெழுப்பும் சிறிய கேம். ஆற்றின் நடுவில் பாதி கட்டிய மரப்பாலம் ஒன்று நிற்கும். அதன் முனைக்குப் போனால், அடுத்த அப்டேட்டில் அக்கரை திறக்கும் என்று ஓர் அறிவிப்புப் பலகை சொல்லும். அந்த அப்டேட் வரவே இல்லை. கொடுத்தது பெரிய பணம் ஒன்றும் இல்லை. என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்களே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஆனால் அப்டேட் வரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து, கைவிட்டுவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ‘ப்ராஜெக்ட் ஜாம்பாய்டு’ கேமின் கதை தெரிந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

காலம் 1993, இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். தொற்று பரவி ஊரெல்லாம் நடைப்பிணங்கள். இது நீ செத்துப்போன கதை என்று தொடக்கத்திலேயே ஆட்டம் சொல்லிவிடும். இதில் ஜெயிக்க வழியில்லை, எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டும், மழைநீர் பிடிக்க வேண்டும், தகர டப்பா உணவை எண்ணி எண்ணித் தின்ன வேண்டும். இதைச் செய்தது இங்கிலாந்தில் சில நண்பர்கள் சேர்ந்து நடத்திய ‘தி இண்டி ஸ்டோன்’ என்ற சின்னக் குழு. 2011இலேயே அரைகுறைப் பதிப்பை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த முதல் பதிப்பில் கேட் என்று ஒரு பெண் பாத்திரம் உண்டு, நம் பாத்திரத்தின் மனைவி. கால் முறிந்து படுக்கையில் கிடப்பாள். அவளுக்குக் கட்டுப் போட வேண்டும், சூப் வைத்துக் கொடுக்க வேண்டும். அடுப்பை அணைக்க மறந்தால் வீடே பற்றிக்கொள்ளும். அந்தச் சிறு உலகத்தில் அவ்வளவு மனித வாழ்க்கை இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் முன்பணம் கொடுத்தார்கள்.

அதே வருடம் அக்டோபரில் நியூகாஸில் நகரில் அவர்கள் தங்கியிருந்த வீட்டில் திருடர்கள் புகுந்து இரண்டு லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த பதிப்புக்காக எழுதியிருந்த கோடில், அதாவது கம்ப்யூட்டர் நிரலில், பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. வெளியே பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. பணம் கொடுத்தவர்களில் சிலர் பரிதாபப்பட்டார்கள். பலர் திட்டினார்கள், பிரதி எடுத்து வைக்கத் தெரியாதவர்களுக்கு எதற்கு கேம் என்று கேலி பேசினார்கள். அந்த நாளில் இந்த கேம் முடிந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் மறுக்க ஆளிருந்திருக்காது.

அவர்கள் திரும்ப எழுதினார்கள். 2013 நவம்பரில் ஸ்டீமின் ஏர்லி ஆக்சஸ் பிரிவுக்கு வந்தார்கள். அங்கிருந்துதான் உண்மையான காத்திருப்பு தொடங்கியது. மனித உடல் அசையும் விதத்தை அடியோடு மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். சொல்வதற்கு எளிது. நடை மாறினால் சண்டை மாறும். சண்டை மாறினால் உடைகள் மாற வேண்டும், ஒவ்வொரு சட்டைக்கும் கிழிசலும் ரத்தக் கறையும் தனித்தனியாக வேண்டும். எல்லாம் மாறியபின் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயருக்கான கோடு பொருந்தாது, அதையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ‘பில்டு 41’ என்ற அந்தப் பதிப்பின் சோதனை வடிவம் 2019 அக்டோபரில் வந்தது. அதில் மல்டிபிளேயர் கிடையாது. அதுவும் சேர்ந்து முழுதாக வந்தபோது 2021 டிசம்பர் ஆகிவிட்டது. அவர்களுடைய சோதனைப் பதிப்புகளின் பெயரே, ‘என் ஆட்டத்தைப் பிரதி எடுத்து வைப்பேன்’ என்ற உறுதிமொழியின் ஆங்கில முதலெழுத்துகள்தான். திருட்டில் பறிகொடுத்தவர்கள் வைத்த பெயர் என்பதால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு கனக்கும்.

இத்தனை வருடங்களும் ஆட்டக்காரர்கள் எப்படிப் பொறுத்தார்கள்? எல்லோரும் பொறுத்துவிடவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சு வருடத்துக்கு ஒருமுறையாவது கிளம்பியது. ஆனால் அந்தக் குழு கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. முதலில் திங்கள்கிழமைகளில் எழுதினார்கள், அதற்கு ‘மன்டாய்டு’ என்று பெயர். பிறகு வியாழனுக்கு மாறி அது ‘தர்ஸ்டாய்டு’ ஆயிற்று. இந்த முறை என்ன செய்தோம், எது உடைந்தது, எது ஏன் தள்ளிப்போகிறது என்று படமும் வீடியோவுமாக வெளியிட்டார்கள். சில கடிதங்களில் ஒரு கதவு திறக்கும் விதத்தைத் தவிரக் காட்ட ஒன்றும் இருக்காது. இருந்தும் கடிதம் வந்தது. அடுப்பு எரிகிறது என்பதற்குப் புகை சாட்சி. சோறு இன்னும் வேகவில்லை என்று பசித்தவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் சமையல்காரர் ஓடிவிட்டாரோ என்ற பயம் இல்லை.

பில்டு 41 முழுதாக வந்த சில வாரங்களில், 2022 ஜனவரியில், ஒரே நேரத்தில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை ஆடினார்கள். முதல் விற்பனைக்குப் பத்து வருடம் கழித்து இது நடந்தது. அடுத்த பெரிய பதிப்பான ‘பில்டு 42’ சோதனைக்கு வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின, 2024 டிசம்பர். அப்போதும் கடைப் பக்கத்தில் ஏர்லி ஆக்சஸ் என்ற சீட்டு அப்படியே இருந்தது.

வேகமாக விற்றுவிட்டால் வேகமாக அப்டேட் வரும் என்று நாம் எண்ணுகிறோம். பல நேரம் நேர்மாறாகத்தான் நடக்கிறது. சுவீடனின் ஷோவ்டே நகரில் ஐந்து பேர் செய்த ‘வால்ஹைம்’ 2021 பிப்ரவரியில் ஏர்லி ஆக்சஸுக்கு வந்து சில வாரங்களில் 50 லட்சம் பிரதிகள் விற்றது. அந்த ஒரு வருடத்துக்குள் நான்கு பெரிய அப்டேட்கள் என்று ரோட்மேப் போட்டிருந்தார்கள். வந்தது ஒன்றுதான், அதுவும் செப்டம்பரில். 50 லட்சம் பேர் ஆடினால் 50 லட்சம் விதமாகத்தான் கேம் உடையும். ஐந்து பேரும் புதியதைக் கட்டுவதை விட்டுவிட்டு ஓட்டை அடைக்க உட்கார்ந்தார்கள். அந்த வருடமே வருவதாக இருந்த ‘மிஸ்ட்லேண்ட்ஸ்’ பகுதி 2022 டிசம்பரிலும், அதற்கடுத்த ‘ஆஷ்லேண்ட்ஸ்’ 2024 மே மாதத்திலும் வந்தன. இவ்வளவு பணம் வந்ததே, ஐம்பது பேரை வேலைக்கு வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் ஏராளம். புதிதாக வருகிறவருக்குப் பழைய கோடு புரியவே பல மாதங்கள் ஆகும், சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களோ அந்த ஐந்து பேர்தான். மெதுவாகவே போகலாம் என்று அவர்கள் தீர்மானித்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

இன்னும் மெதுவானது ‘கென்ஷி’. பாலைவனத்தில் பிழைக்கப் போராடும் கேம். கிறிஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் பகுதிநேரக் காவலாளி வேலை பார்த்துக்கொண்டே நெடுங்காலம் தனியாகச் செதுக்கினார். தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆனபின், 2018 டிசம்பரில், முழுமையாக வெளிவந்தது.

இனி மறுபக்கம்.

‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கேமை ஆடியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். மெக்ஸிகோ நகரில் ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே என்ற பிரேசில்காரரின் கனவு அது. சிறுவயதில் பட்டாசு ராக்கெட்டுகளில் தகரத்தாள் பொம்மைகளைக் கட்டிப் பறக்கவிட்டு, அவற்றுக்குக் கெர்பல் என்று பெயர் வைத்திருந்தார். 2011 ஜூனில் முதல் பதிப்பு வெளியானது. ஸ்டீம் ஏர்லி ஆக்சஸ் பிரிவு தொடங்கியபோது அதிலிருந்த முதல் 12 கேம்களில் இதுவும் ஒன்று. 2014இல் நாசாவோடு சேர்ந்து சிறுகோளைப் பிடிக்கும் பயணங்களை உள்ளே கொண்டுவந்தார்கள். 2015 ஏப்ரலில் 1.0. ராக்கெட் ஏன் நேராக மேலே போகாமல் சாய்ந்து போகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் புரிந்துகொள்ளாத எத்தனையோ பேர் இதில் நூறு ராக்கெட்டுகளை வெடிக்கவிட்டுப் புரிந்துகொண்டார்கள். முன்பணம் கொடுத்தவர்களின் நம்பிக்கையை ஏர்லி ஆக்சஸ் காப்பாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த நம்பிக்கையை முதலாக வைத்துத்தான் இரண்டாம் பாகம் விற்கப்பட்டது. 2019இல் அறிவித்து, 2020இல் வரும் என்றார்கள். நடுவில், கேமை வெளியிடவிருந்த டேக்-டூ நிறுவனம், செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவிடமிருந்து வேலையைப் பிடுங்கி, சியாட்டிலில் இன்டர்செப்ட் கேம்ஸ் என்ற புது ஸ்டுடியோவைத் தொடங்கியது. தள்ளித் தள்ளிப்போய் 2023 பிப்ரவரி 24 அன்று ஏர்லி ஆக்சஸில் வந்தது, விலை ஏறத்தாழ 50 டாலர். நல்ல கம்ப்யூட்டர்களிலேயே திணறியது. முதல் பாகத்தில் இருந்த அறிவியல் ஆய்வு இல்லை, வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது விண்கலம் சூடாவதுகூட இல்லை. ஆனால் ரோட்மேப் இருந்தது: முதலில் அறிவியல், பிறகு பிற கோள்களில் குடியேற்றங்கள், பிறகு வேறு விண்மீன்களுக்குப் பயணம், கடைசியில் மல்டிபிளேயர். 2023 டிசம்பரில் அறிவியல் வந்தது. நன்றாகவும் இருந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். இனி நல்ல காலம் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

2024 ஏப்ரல் இறுதியில் வாஷிங்டன் மாநில அரசின் ஆட்குறைப்புப் பட்டியலில் ஒரு தகவல் வந்தது: சியாட்டிலில் டேக்-டூவின் 70 பேர் வேலை இழக்கிறார்கள், ஜூன் 28 கடைசி நாள். இந்தச் செய்தி ஆட்டக்காரர்களை எட்டிய வழியைக் கவனியுங்கள். பணம் வாங்கியவர்கள் சொல்லவில்லை, தொழிலாளர் சட்டத்துக்காக அரசிடம் கொடுத்த காகிதம் சொன்னது. மே மாதத்தில் டேக்-டூவின் தலைமை அதிகாரி ஸ்ட்ராஸ் ஸெல்னிக், ஸ்டுடியோக்களை மூடவில்லை என்றே பேட்டியில் சொன்னார். ஜூனில் பிழை திருத்தும் ஒரு சிறு பேட்ச் வந்தது. அதன்பின் எதுவும் இல்லை. நவம்பரில், இந்த கேமை வெளியிட்ட தன் பிரிவையே டேக்-டூ விற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கேம் அதே விலையில் விற்பனையில் இருந்தது. குடியேற்றங்களும் விண்மீன் பயணமும் கடைப் பக்கத்தில் வாக்குறுதியாகவே நின்றன.

என் கோபம் இங்கேதான். அந்த 70 பேர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்களுக்கும் இது பாதியில் பறிபோன வேலை. கேம் தோற்கலாம், பணம் தீரலாம். தொழிலில் அது நடக்கும். ஆனால் சமையல்காரர்களை அனுப்பிவிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டு, வாசலில் நின்று டோக்கன் விற்பது தொழில் ஆகாது.

2014இல் டபுள் ஃபைன் ஸ்டுடியோ ‘ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9’ விஷயத்தில் செய்தது இதைவிட எவ்வளவோ மேல். ஒரு வருடம் ஏர்லி ஆக்சஸில் இருந்த அந்த விண்வெளி நிலைய கேமுக்குப் பெரிய பட்டியல் போட்டிருந்தார்கள். விற்பனை வருமானம் செலவைத் தாங்கவில்லை. இருப்பதோடு 1.0 என்று முடித்துக்கொள்கிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்தார்கள், நியாயமும் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனாலும் ஸ்டுடியோ தலைவர் டிம் ஷேஃபர் தானே முன்வந்து காரணம் சொன்னார், ஆட்டத்தின் கோடை ரசிகர்களே திருத்திக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். அரைகுறையாகவேனும் ‘முற்றும்’ என்று எழுதினார்கள். காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போக முடிந்தது.

மௌனத்துக்கு எப்போதும் வஞ்சகம்தான் காரணம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்ராம் ஃபான் ஃபுங்க், மனைவியோடு சேர்ந்து செய்த ‘க்யூப் வேர்ல்டு’ 2013 ஜூலையில் அரைகுறையாக விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் யாரோ அவர்களுடைய சர்வரைத் தாக்கி முடக்கினார்கள். அந்த மாதத்தோடு அப்டேட் நின்றது. எப்போதாவது ஒரு படம் வரும், பிறகு பல மாதங்கள் ஒன்றுமிருக்காது. ஏமாற்றுக்காரர்கள், பணத்தோடு ஓடிவிட்டார்கள் என்று ஊரே பேசியது. 2019இல் அவரே எழுதினார்: அந்தத் தாக்குதல் என்னை மனத்தளவில் உடைத்துவிட்டது, அன்றிலிருந்து பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் போராடிவந்தேன் என்று. ஆறு வருடமாக வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த செப்டம்பர் இறுதியில் முழு கேம் வந்தது. ஆனால் 2013இல் மக்கள் காதலித்த கேமாக அது இல்லை. ஆடுகிறவர்களின் குரல் எட்டாத தூரத்தில் தனியாக வளர்ந்து, வேறு உருவத்தில் நின்றது. சீக்கிரமே கூட்டம் கலைந்தது. அந்த மனிதரைத் திட்டியவர்களில் எத்தனை பேருக்கு அவர் நிலை தெரிந்திருக்கும்? தெரியாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம் என்பது இந்தக் கதையின் இன்னொரு சோகம்.

அப்படியானால் வாங்குகிறவர் எதைப் பார்ப்பது? கடைசி அப்டேட்டின் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. அந்த அப்டேட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள். மொழிபெயர்ப்புப் பிழை திருத்தியதும் பண்டிகைக்கு ஒரு தொப்பி சேர்த்ததும் அப்டேட் கணக்கில் வரும், வளர்ச்சி கணக்கில் வராது. செய்கிறவர்கள் தவறு நடந்தபோது என்ன பேசினார்கள் என்று தேடிப் பாருங்கள், தள்ளிப்போனதற்குக் காரணம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருப்பவர்கள். ரீஃபண்டை நம்ப வேண்டாம். 2015 ஜூனில் ஸ்டீம் கொண்டுவந்த விதிப்படி, வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால் பணம் திரும்பும். கேம் கைவிடப்பட்டது தெரியவருவதோ மூன்றாவது வருடத்தில். இன்று இருக்கிற நிலையில் ஆடப் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள் என்று ஸ்டீமே சொல்கிறது, சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமல் போகும் என்றும் 2014 முதல் வெளிப்படையாகச் சொல்லிவருகிறது. சரியான அறிவுரைதான். ஆனால் ரோட்மேப் போட்டு ஆசை காட்டுகிறவர்களையும் அதே கடைதான் அலமாரியில் வைத்திருக்கிறது. வேலை செய்ய ஆளில்லை என்று ஊருக்கே தெரிந்தபின், ஏர்லி ஆக்சஸ் சீட்டோடும் பழைய வாக்குறுதிகளோடும் ஒரு கேமை விற்க அனுமதிக்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் முளைத்த அந்தக் குறிப்பு நல்ல தொடக்கம். ஆனால் அது மாதங்களை எண்ணுகிறதே தவிர, விற்பனையை நிறுத்துவதில்லை.

கெர்பல் இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தவர்களில் பலர் முதல் பாகத்துக்கே திரும்பிவிட்டார்கள். அதற்கு ரசிகர்களே செய்து சேர்த்த கூடுதல் பகுதிகளான ‘மாட்’கள் பல வருடங்களாகக் குவிந்து கிடக்கின்றன. பிற கோள்களில் குடியேற்றம் கட்டும் மாட் இருக்கிறது, வேறு விண்மீன்களுக்குப் போகும் மாட் இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் ரோட்மேப்பில் எழுதப்பட்டிருந்தவற்றைச் சம்பளம் வாங்காதவர்கள் முதல் பாகத்தில் முன்பே கட்டி வைத்திருந்தார்கள்.

கேட் இன்னும் திரும்பி வரவில்லை. ஜாம்பாய்டின் தொடக்கப் பதிப்புகளில் இருந்த மனிதப் பாத்திரங்கள் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் எடுக்கப்பட்டன, முறையாக எழுதித் திரும்பக் கொண்டுவருவோம் என்று குழு சொன்னது. பில்டு 42 சோதனைக்கு வந்தபோது ஆடு மாடுகள் வந்தன, கோழிகள் வந்தன, வீடுகளுக்கு நிலவறைகள் வந்தன. மனிதர்கள் அதற்கடுத்த பில்டில் என்றார்கள். 2011இல் அவளுக்குச் சூப் வைத்துக் கொடுத்த ஆட்டக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். நானும் வியாழக்கிழமை வந்தால் கடிதத்தைத் திறந்து முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

மீனவக் கிராமத்தை என் கம்ப்யூட்டரிலிருந்து இன்னும் நீக்கவில்லை. போன வாரம் திறந்து பார்த்தேன். படகுகள் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன. பாலத்தின் முனையில் அந்தப் பலகை அதே வாசகத்தோடு நின்றது. அக்கரையில் பனிமூட்டம், அதற்குள் மங்கலாக ஒரு வீட்டின் கூரை. அங்கே யாரை வைக்க நினைத்திருந்தார்களோ, தெரியவில்லை.